ஏற்கெனவே இருக்கிறது

(உத்தமபாளையத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி ஆசிரியர் பேசப் போகிறார் என்றதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் பின்வரிசைக்கு நகர்வதைப் பார்த்தேன். நகர வேண்டாம். நீங்களும் நானும் தினமும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றுகிறீர்கள். அதற்கு 'நியூ ஃபோல்டர்' கொடுக்கிறீர்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு கோப்புறை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவசரத்தில் பெயர் வைக்க மறந்துவிடுகிறோம். மறுநாள் இன்னொன்று உருவாக்கினால் 'நியூ ஃபோல்டர் (2)' என்று வருகிறது. எங்கள் பள்ளிக் கணினி ஒன்றில் (14) வரைக்கும் எண்ணியிருக்கிறேன்.

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2 எங்கிருந்து வருகிறது? பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டான். "நாம போடலியே சார், அதுவா எப்படி வருது?" அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. "அது அப்படித்தான்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் கேள்வியை அன்றே பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்திருந்தால், பின்னாளில் ஒரு மாணவியிடம் நான் செய்த தவறைச் செய்யாமல் இருந்திருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கோப்புறையை உருவாக்குவது யார்? நாம் இல்லை. நாம் சொடுக்குகிற மென்பொருளும் இல்லை. நம் பள்ளத்தாக்கிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் ஓடுகிறது. வயல் என்னுடையது, நாற்று என்னுடையது, அவசரமும் என்னுடையது. ஆனால் கால்வாய் ஷட்டரை நானே போய்த் திறக்க முடியாது. லஸ்கரிடம் சொல்ல வேண்டும். முறை யாருடையது, கீழ்மடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அவர் திறப்பார், அல்லது "இன்னைக்கு இல்லை" என்பார். எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குத் திறந்தால் கடைமடைக்குச் சொட்டு நீர் போகாது.

கணினியிலும் இதுதான் ஏற்பாடு. வட்டில் எழுதுகிற உரிமை இயக்க அமைப்பின் உட்கருவான கர்னலுக்கு மட்டுமே உண்டு. மற்ற நிரல்கள் எல்லாம் அதனிடம் கேட்டுப் பெற வேண்டும். அப்படிக் கேட்பதற்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர், தமிழில் அமைப்பு அழைப்பு. கோப்பைத் திறக்க ஒன்று, படிக்க ஒன்று, பெயர் மாற்ற ஒன்று என்று தனித்தனி அழைப்புகள் உண்டு. கோப்புறை உருவாக்கும் அழைப்பின் பெயர் 'எம்கேடிர்'. மேக் டைரக்டரி என்பதன் சுருக்கம். இன்றைய 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் ஓடும் லினக்ஸில் அதன் எண் 83. நிரல் அந்த எண்ணையும், எந்த இடத்தில் என்ன பெயர் என்பதையும், யார் யாருக்கு அனுமதி என்பதையும் கர்னலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். கர்னல் சொல்லும் பதில் மிகச் சுருக்கமானது. பூஜ்யம் என்றால் முடிந்தது. இல்லையென்றால் ஏன் முடியாது என்று ஓர் எண்.

அந்தக் காத்திருப்பு கண் சிமிட்டும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் அதற்குள் நடக்கிற வேலை நம் தாலுகா அலுவலக வேலையைப் போன்றது. நிலத்துக்குப் புல எண் இருப்பதுபோல் வட்டில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஓர் எண் உண்டு, ஐநோட் என்பார்கள். 'பள்ளி' என்ற கோப்புறைக்குள் 'ஏழாம் வகுப்பு' என்று ஒன்றை உருவாக்கச் சொன்னால், கர்னல் வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி வரும். 'பள்ளி' உண்மையில் இருக்கிறதா? அதற்குள் நுழைய இவருக்கு அனுமதி உண்டா? எழுத அனுமதி உண்டா? அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா? எல்லாம் சரி என்றால் புதிதாக ஓர் எண்ணை ஒதுக்கி, அதற்குள் இரண்டு பதிவுகளை எழுதும். ஒற்றைப் புள்ளி அந்தக் கோப்புறையையே குறிக்கும், இரட்டைப் புள்ளி அதன் தாய்க் கோப்புறையைக் குறிக்கும். மேலே யாரும் இல்லாத வேர்க் கோப்புறைக்கு மட்டும் இரட்டைப் புள்ளியும் தன்னையே காட்டும். கடைசியாக, தாய்க் கோப்புறையின் பதிவேட்டில் 'ஏழாம் வகுப்பு' என்ற பெயரையும் அதற்கு நேராக அந்த எண்ணையும் சேர்க்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கோப்புறைக்குள் அதன் பெயர் இருப்பதில்லை. தன் எண் தெரியும், தாயின் எண் தெரியும், தன் பெயர் தெரியாது. பெயர் இருப்பது தாயின் பதிவேட்டில் மட்டும்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணட்டை. பெயர்ப் பட்டியல் வகுப்புத் தலைவியின் நோட்டில் மட்டும். யாரையாவது கூப்பிட வேண்டுமானால் நோட்டைப் பார்த்து எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். கணினியே இல்லாமல் நடத்தலாம், மூன்றாம் வகுப்பிலும் நடத்தலாம்.

ஆனால் அதே விளையாட்டில் ஒரு சிக்கல் வந்தது. தலைவி ஒரு பெயரை எழுதி முடித்து எண்ணை எழுதுவதற்குள், ஒரு பையன் தன் அட்டையைப் பக்கத்துப் பையனிடம் மாற்றிவிட்டான். பெயர் ஒருவனுக்கு, எண் இன்னொருவனுக்கு என்றாகிவிட்டது. அவனைத் திட்டவில்லை. ஏனென்றால் அவன் அறியாமல் செய்த அதே காரியத்தை அறிந்தே செய்தவர்கள் யூனிக்ஸ் வரலாற்றில் இருக்கிறார்கள்.

பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் எம்கேடிர் என்ற தனி அழைப்பு கிடையாது. எம்கேடிர் என்று ஒரு கட்டளை இருந்தது, ஆனால் அது பல சிறு அழைப்புகளை ஒவ்வொன்றாகச் செய்யும். முதலில் வெறும் கோப்புறையை உருவாக்கும். அடுத்து அதைக் கேட்டவரின் பெயருக்கு மாற்றும். பிறகு ஒற்றைப் புள்ளியைச் சேர்க்கும், இரட்டைப் புள்ளியைச் சேர்க்கும். அந்த முதல் வேலையைச் செய்ய உச்ச அதிகாரம் கொண்ட பயனருக்கு மட்டுமே உரிமை என்பதால், அந்தக் கட்டளைக்கே உச்ச அதிகாரம் கொடுத்து வைத்திருந்தார்கள். யார் இயக்கினாலும் அது அதிகாரியாகவே வேலை செய்யும்.

லஸ்கர் ஷட்டர் சாவியை ஒரு பையனிடம் கொடுத்து அனுப்பியது மாதிரி. போகிற வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் இல்லையா? நடந்தது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியில், ஒருவர் புதிய கோப்புறையை நீக்கிவிட்டு, அதே பெயரில் கணினியின் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைத்துவிட முடிந்தது. அடுத்த படி எதையும் சரிபார்க்காமல், கடவுச்சொல் கோப்பையே அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடும். பல முறை முயன்றால் ஒருமுறை நேரம் ஒத்துப்போகும், அது போதும். 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பதிப்பில்தான் எம்கேடிர் தனி அழைப்பாகக் கர்னலுக்குள் போனது. சரிபார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே மூச்சில் நடக்கும், நடுவில் யாரும் கை நுழைக்க முடியாது. உச்ச அதிகாரமும் தேவையில்லாமல் போனது. அதே 1983-ல்தான் மைக்ரோசாஃப்டின் டாஸ் 2.0 வந்து, நம் மேசைக்கணினிகளுக்குக் கோப்புறை என்ற ஒன்றையே கொண்டுவந்தது. அதற்கு முந்தைய டாஸில் ஒரு வட்டுக்கு ஒரே பட்டியல்தான், உள்ளே பிரிவுகள் கிடையாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் நடத்துகிறோம். பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கும் பாடத்தில் ஓ.எஸ். என்ற தொகுதி வருகிறது. ஓ.எஸ். சிஸ்டம் என்று எழுதி, கட்டளையை அப்படியே ஷெல்லிடம் கொடுக்கிறோம். அதே தொகுதிக்குள் ஓ.எஸ். எம்கேடிர் என்பதும் இருக்கிறது. நாம் இப்போது பார்த்த அழைப்பைப் பைத்தான் வழியாகக் கேட்பது அது.

ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆய்வகத்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஒவ்வொரு மாணவரும் தன் கோப்புறையைத் திறக்க வேண்டும். தமிழ்வழி, ஆங்கிலவழி என்று இரண்டு பிரிவு. ஒவ்வொருவருக்கும் கையால் உருவாக்குவதா? பெயர்ப் பட்டியலை எடுத்தேன், பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். அந்தப் பட்டியலில் முன்னெழுத்து இல்லை, பெயர் மட்டும்தான். அதை நான் கவனிக்கவில்லை.

முதல்முறை ஓட்டியதும் பாதியில் நின்றுவிட்டது. ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் எரர். ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. சோதனைக்காக முந்தின நாள் ஒன்றிரண்டு கோப்புறைகளை உருவாக்கியிருந்தேன், அதைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். அதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். எம்கேடிருக்குப் பதிலாக மேக்டிர்ஸ் என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'எக்ஸிஸ்ட் அண்டர்ஸ்கோர் ஓகே ஈக்வல் டு ட்ரூ' என்று சேர்த்தால் போதும். பைத்தான் 3.2-ல் வந்த வசதி. ஏற்கெனவே இருந்தால் பேசாமல் மேலே போ என்று அர்த்தம். சேர்த்தேன். நிரல் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி முடிந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியரிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

செய்முறைத் தேர்வு நெருங்கியது. ஒவ்வொருவரின் பயிற்சி நிரல்களையும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் கோப்புறையில் நிரல்கள் இருந்தன, ஆனால் அவளுடைய நிரல்கள் இல்லை. மாறிப் பெயர்கள் வேறு, குறிப்புரை வேறு, தலைப்பில் பதிவெண் வேறு. நான் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்டம்மா காப்பி பண்ண?" அவள், "இல்ல சார், நான்தான் போட்டு சேமிச்சேன்" என்றாள். "சேமிச்சா எங்க போச்சு?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னேன். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பம். மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள்.

நான்காம் நாள் ஆங்கிலவழிப் பிரிவைச் சோதித்தபோது, அதே கோப்புறையை இன்னொரு மாணவி திறந்தாள். "என்னோடது எல்லாம் மாறிடுச்சு சார்" என்றாள். அப்போதுதான் புரிந்தது. இருவருக்கும் ஒரே பெயர். முன்னெழுத்துதான் வேறு. முதல் பெயருக்குக் கோப்புறை உருவாகிவிட்டது. இரண்டாவது அதே பெயர் வந்தபோது கர்னல் சரியாகத்தான் மறுத்திருக்கிறது. லினக்ஸில் அந்த மறுப்பின் எண் 17. அதைக் காதில் வாங்க வேண்டாம் என்று நிரலில் எழுதி வைத்தது நான். இரண்டு பிள்ளைகளும் ஒரே கோப்புறைக்குள் வெவ்வேறு நாட்களில் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி ஒன்று, பயிற்சி இரண்டு என்று எல்லோருக்கும் நானே கொடுத்த கோப்புப் பெயர்கள். சேமிக்கும்போது "ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா?" என்று மென்பொருள் கேட்டிருக்கும். பிள்ளைகள் 'யெஸ்' கொடுத்திருக்கிறார்கள். எது வந்தாலும் 'யெஸ்' கொடுக்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று வெளியில் தேட வேண்டியதில்லை.

மறுநாள் இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து, நடந்ததைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி, அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்று கேட்டாள். "அப்ப கம்ப்யூட்டர் மொதல்லயே சொல்லுச்சா சார்?"

"சொல்லுச்சும்மா."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அவள் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நிரலை எப்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கோப்புறைக்குப் பெயர் வைப்பதில்லை, பிரிவும் வரிசை எண்ணும்தான். எக்ஸிஸ்ட் ஓகே இல்லை. பிழை வந்தால் நிரல் நின்று, எந்த எண்ணில் நின்றது என்று சொல்ல வேண்டும். நான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இதனால் சில நிமிடம் அதிகமாகும், ஆகட்டும். அந்த வசதியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரே நிரலைத் தினமும் ஓட்டி, கோப்புறை இல்லாவிட்டால் உருவாக்கு, இருந்தால் விட்டுவிடு என்கிற இடத்தில் அது சரியான கருவிதான். ஒவ்வொன்றும் புதிதாகவே இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டதுதான் பிழை. இன்னொன்று, ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழைவதால், ஒருவர் கோப்புறையில் மற்றவர் எழுதாமல் தடுக்கும் அனுமதிகள் நமக்கு உதவுவதில்லை. பயனர் கணக்குகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடிந்த பள்ளிகள் பிரித்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று போன கூட்டத்தில் ஓர் ஆசிரியை கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம். கர்னலுக்கு மொழி தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். யூ.டி.எஃப். 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். உத்தமபாளையம் என்பதில் மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து 12 குறியீடுகள், ஆக 36 பைட். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் உண்டு. நீளமான திட்டப் பெயர்களை அப்படியே கோப்புறைக்கு வைக்கிறவர்கள் மட்டும் கவனிக்கவும். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பெயர் வைத்தால், கோப்புறைக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். யூனிகோடில்தான் வைக்க வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் கதைக்கு நேர் எதிரானது. 'பொதுத்தேர்வு' என்று எழுதுங்கள். அதில் 'பொ'வை, ப என்ற எழுத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கர்னலுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். லினக்ஸானாலும் விண்டோஸானாலும் இரண்டு கோப்புறைகளும் பக்கத்துப் பக்கத்தில் உருவாகி நிற்கும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டினால் முதல் வகைதான் வரும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இரண்டாவது வகை வர வாய்ப்பு உண்டு. ஒரே பெயரில் இரண்டு கோப்புறை எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், ஒன்றை அழித்துப் பெயரை மறுபடி கையால் தட்டிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இப்போது ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறேன். வருகிற பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் அதன் எண்ணை எழுதி, அருகில் தமிழில் அர்த்தம் எழுத வேண்டும். எண் 2, அப்படி ஓர் இடமே இல்லை. எண் 13, உனக்கு அனுமதி இல்லை. எண் 28, வட்டில் இடமில்லை. எண் 2-க்கு ஒரு பையன், "அட்ரஸ் தப்பு, தபால் திரும்பிடுச்சு" என்று எழுதியிருந்தான். அதையே அடுத்த ஆண்டு வகுப்புக்கும் வைத்துக்கொண்டேன். (2) எப்படி வருகிறது என்று கேட்ட அந்தப் பையன் இப்போது வெளியூரில் படிக்கிறான். விடுமுறையில் வந்தால் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் மென்பொருள் அடுத்த எண்ணைச் சேர்த்துக்கொள்கிறது.

உணவு இடைவேளைக்குப் பிறகு ஆய்வகம் திறந்திருக்கும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் வாருங்கள். கறுப்புத் திரையில் எம்கேடிர் என்று தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுங்கள். ஒன்றும் சொல்லாது, அப்படியென்றால் உருவாகிவிட்டது. அதே வரியை மறுபடி கொடுங்கள். இப்போது ஒரு செய்தி வரும். அதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதி, வெளியே போகும்போது என் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.